அண்ணி சொன்ன விலை

ஒரு சின்ன பிளாஸ்டிக் பையைக் கத்தரித்து, உள்ளே இருப்பதையெல்லாம் சாப்பாட்டு மேசையின் விரிப்பில் கொட்டிவிட்டு, எதையும் தொடாமல் அண்ணி சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருப்பார். பித்தளைக் குழாய்கள், கூர்முனை, சட்டைப்பையில் மாட்டும் கொக்கி, நடுவில் ஒரு வளையம், திருகினால் ரீஃபிலை வெளியே தள்ளும் சின்னப் பொறி. மரப்பேனா என்று நாம் வாங்குவதில் மரத்தைத் தவிர மற்றதெல்லாம் அந்தப் பைக்குள் வந்துவிடும். அதைத்தான் கிட் என்பார்கள். மரத்துண்டில் துளை போட்டு, குழாயை உள்ளே ஒட்டி, லேத் என்கிற கடைசல் இயந்திரத்தில் பூட்டிக் கடைந்து, தேய்த்து மெருகேற்றி, இரண்டு பக்கமும் உலோகப் பாகங்களை அழுத்திப் பொருத்தினால் பேனா. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. அண்ணியின் தோளும் முழங்கையும் வேறு விதமாகச் சொல்லும்.

என் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அண்ணி மலாக்காவின் புக்கிட் ரம்பாயில் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தார். முலாம் பூசிய உலோகத் துண்டுகள் தட்டுத் தட்டாக வரும். கீறல், கொப்புளம், நிறம் மங்கியது என்று பார்த்துப் பொறுக்கித் தள்ளுவது அவர் வேலை. உட்கார்ந்த வேலைதான். ஆனால் நாள் முழுக்க விளக்குக்கு அடியில் குனிந்திருந்து, வீட்டுக்கு வந்தும் நிமிர முடியாமல் நடப்பார். ஒரு நாள் கம்பெனி வேறு நாட்டுக்குப் போகிறது என்று சொல்லி, கையில் ஒரு தொகையைக் கொடுத்து எல்லாரையும் அனுப்பிவிட்டார்கள். அதற்குக் கொஞ்ச காலம் முன்புதான் அண்ணனுக்கு நெஞ்சு வலி வந்து, இனி லாரி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேன் மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தார்.

லேத்தை வாங்கியது அண்ணன்தான். பக்கத்துத் தாமான் குடியிருப்பில் மரச்சாமான் பட்டறை வைத்திருந்த சீனர் கடையை மூடியபோது மலிவாகக் கிடைத்தது. நாற்காலிக் கால் கடையலாம், மேசைக் கால் கடையலாம் என்று கனவு கண்டார். கொஞ்ச நேரம் நின்றாலே அவருக்கு மூச்சு வாங்கியது. பின்கட்டில் பாய் போர்த்திக் கிடந்த அதை அண்ணி திறந்தது, சும்மா கிடக்கிறதே என்ற எரிச்சலில்தான். பெரிய மரம் வாங்கக் காசில்லை, பேனாவுக்குக் கை நீளத் துண்டு போதும். நாங்கள் பிறந்த நியாலாஸ் பக்கத்துத் தோட்டத்தில் மறுநடவுக்காகச் சாய்த்த ரப்பர் மரம், செலண்டாரில் சொந்தக்காரர் வீட்டில் வெட்டிப்போட்ட ரம்புத்தான், பலா எல்லாம் அண்ணனின் வேனில் வந்து சேர்ந்தன.

மரம் சும்மா வந்தது. கிட் சும்மா வராது. நான் டவுனில் ஒரு கிளினிக்கில் கவுண்டர் வேலை பார்க்கிறேன். கைத்தொலைபேசியில் வாங்கிப் பழக்கம் இருந்ததால் கிட் தேடித் தருவது என் பொறுப்பானது. ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். அண்ணியும் நானும் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்போம். மலிவானது தங்க நிறத்தில் ஒல்லியாக இருக்கும். அதைவிடக் கொஞ்சம் விலை கூடினால் வெள்ளி நிறத்தில் தடிமனாக ஒன்று. அதற்கும் மேலே, துப்பாக்கி நிறத்தில் கனமானது. தங்கம்தான் படத்தில் அழகு. நம்மவர்கள் தங்கத்தைத்தான் எடுப்பார்கள் என்று நான் சொன்னேன். எல்லாவற்றிலும் ஒவ்வொன்று மட்டும் தருவி, மற்றதைப் பிறகு பேசுவோம் என்றார் அண்ணி.

வந்ததும் அவர் செய்தது எனக்கு வேடிக்கையாக இருந்தது. மூன்று கொக்கிகளையும் ஊக்கில் கோத்து, தன் தாலிச் சங்கிலியோடு மாட்டிக்கொண்டு சமைத்தார், துவைத்தார், லேத்தில் நின்றார். அடுத்த ஞாயிறு போனபோது கழற்றிக் காட்டினார். தங்கக் கொக்கியின் விளிம்பில் செம்பு தெரிந்தது. மற்ற இரண்டும் போட்டபடியே இருந்தன.

“நம்ம ஊரு வேர்வையத் தாங்கணும்லா,” என்றார். “குளுகுளு அறையில வச்சு எழுதவா வாங்கப்போறாங்க?”

இன்னொன்றும் கவனித்திருந்தார். ஒல்லிப் பேனாவின் ரீஃபில் இங்கே எந்தக் கடையிலும் இல்லை. மை தீர்ந்தால் பேனாவைத் தூக்கிப்போட வேண்டியதுதான். தடிமனானதற்கு எந்தப் பேனாக்கடையிலும் ரீஃபில் கிடைக்கும். ஆகவே வெள்ளி நிறமே போதும் என்று முடிவாயிற்று. கனமான கிட் யாராவது கேட்டால் மட்டும்.

கிட் தேர்ந்தெடுப்பதில் அவ்வளவு தெளிவாக இருந்தவர், விலை என்று வந்ததும் வேறொரு ஆளாகிவிடுவார். கிட்டுக்கு இவ்வளவு, பசைக்கும் மணல்தாளுக்கும் இவ்வளவு, மேலே கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தைச் சொல்லும்போதே குரல் இறங்கிவிடும். தன் நேரத்தை அவர் கணக்கில் சேர்த்ததே இல்லை. நான் கேட்டால், வீட்டில் சும்மா இருக்கிற நேரம்தானே என்பார். அவர் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. இத்தனை வருடமும் அவருடைய மணி நேரத்துக்கு இன்னொருவர்தான் விலை போட்டிருந்தார். அதைத் தானே போடுவது அவருக்கு ஏதோ பேராசை போலத் தோன்றியிருக்க வேண்டும்.

டவுனில் எழுதுபொருளும் நினைவுப் பொருளும் விற்கும் கடை ஒன்று உண்டு. மூன்று தலைமுறையாக மலாக்காவிலேயே வியாபாரம் செய்யும் தமிழ் முஸ்லிம் குடும்பம். கடைக்கார பாய் எங்கள் பேனாவைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து விற்றுக்கொடுத்தார். முதல் தடவை விலை கேட்டபோது அண்ணி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னதை அவர் மறக்கவில்லை. பல மாதம் கழித்துத்தான் சொன்னார்.

“பேனாவ நீங்க நல்லா செய்றீங்கம்மா. விலைய மன்னிப்புக் கேக்கிற மாதிரி சொல்றீங்க. வாங்குறவன் அதைக் கேட்டுட்டு இன்னும் கொறைப்பான்.”

அண்ணி சிரித்துவிட்டு வந்தார். விலை அப்படியேதான் இருந்தது.

பிறகுதான் பள்ளி ஆர்டர் வந்தது. அண்ணன் வேன் ஓட்டும் அதே தமிழ்ப்பள்ளி. அந்த வருடம் தலைமையாசிரியை ஓய்வு பெறுகிறார், ஆசிரியர்கள் எல்லாருக்கும் ஒரு பரிசு கொடுக்க வேண்டும் என்று பெற்றோர் சங்கத் தலைவர் வீட்டுக்கே வந்தார். நல்ல மனிதர், சிரித்த முகம். அவருடைய இரண்டு பிள்ளைகளும் அண்ணனின் வேனில்தான் போனார்கள். சங்கத்தில் அவர் ஒரு வார்த்தை சொன்னால் மற்ற பெற்றோரும் கேட்பார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். மாதிரிக்கு வைத்திருந்த மூன்றையும் பார்த்துவிட்டு அவர் தங்கத்தை எடுத்தார். மேடையில் கொடுக்கும்போது பளபளவென்று இருக்க வேண்டும், விலையும் கைக்கு அடக்கமாக இருக்கிறது என்றார். முலாம் நிற்காது, ரீஃபில் கிடைக்காது என்று அண்ணி இரண்டு தடவை எடுத்துச் சொன்னார். ஆசிரியர்கள் இதை வைத்து எழுதவா போகிறார்கள், கண்ணாடி அலமாரியில்தானே வைப்பார்கள் என்று அவர் சிரித்தார். அண்ணன் கண்ணால் ஜாடை காட்டினார். அண்ணி சரி என்றார்.

ஆசிரியர்கள் எழுதினார்கள். எழுதுகிறவர்கள்தானே. பள்ளி மீண்டும் திறந்து கொஞ்ச காலத்திலேயே ஒரு ஆசிரியை வேன் பக்கம் வந்து அண்ணனிடம் பேனாவைக் காட்டினார். விரல் படும் இடமெல்லாம் தங்கம் போய் அம்மைத் தழும்பு போலத் திட்டுத் திட்டாக இருந்தது. பிறகு இன்னொருவர், இன்னொருவர். சங்கத் தலைவர் தொலைபேசியில் அழைத்து, கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. எல்லாரும் கேட்கிறார்கள், நம்ம ஆள் என்றுதானே கொடுத்தோம் என்று வருத்தப்பட்டார். தங்கத்தைக் கேட்டு வாங்கியது தான்தான் என்பது அவர் நினைவில் இருந்த மாதிரி தெரியவில்லை.

எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்துவிடலாம் என்று அண்ணி சொன்னதும் அண்ணன் குதித்தார். அவர்கள் கேட்டதைத்தானே செய்தோம், நீ ஏன் பொறுப்பெடுக்கிறாய் என்றார். அண்ணி அத்தனை பேனாவையும் திரும்ப வாங்கிவரச் சொன்னார். பள்ளி விடுமுறை முழுக்க அதுவே வேலையாகப் போனது. பொருத்திய பேனாவைப் பிரிப்பது புதிதாகச் செய்வதைவிடக் கஷ்டம். ஒல்லிக் குழாயில் தடிமன் கிட் ஏறாது. ஆகவே அதே அளவுக் குழாயில், நல்ல முலாம் போட்ட கிட்டாகத் தேடி நான் தருவித்தேன். ரீஃபில் பொட்டலங்களையும் சேர்த்தே வாங்கினோம். அண்ணி மெல்லிய கம்பியை உள்ளே விட்டுச் சுத்தியலால் தட்டித் தட்டிப் பாகங்களைக் கழற்றினார். சில மரங்கள் பிளந்தன. பிளந்ததற்கு வேறு மரம் கடைந்தார். ஒரு மதியம் போனபோது, இடது கையால் வலது தோளைப் பிடித்துக்கொண்டு லேத்தின் முன்னால் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. நிறுத்தவா என்று கேட்டேன். வேண்டாம், நிறுத்தினா மறுபடி எழுந்திருக்க மாட்டேன் என்றார்.

கழற்றிய தங்கத் துண்டுகளை ஒரு பால் டின்னில் போட்டு, டின் நிறைந்ததும் மூடி வைத்தார். எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்றேன். “கம்பெனியில இதையெல்லாம் நானே பாத்துத் தள்ளிருப்பேன். வீட்டுல தள்ள முடியல பாரு,” என்றார். பேனாக்கள் பள்ளிக்குத் திரும்பிப் போயின. அதற்கப்புறம் யாரும் குறை சொல்லவில்லை.

இப்போது அண்ணி ஒரு தனியார் மருத்துவமனை உணவகத்தில் காலை நேர வேலைக்குப் போகிறார். லேத் பின்கட்டில்தான் இருக்கிறது. மனமிருந்தால் ஞாயிறு ஒரு பேனா, சில வாரம் அதுவும் இல்லை. பாய் கடைக் கண்ணாடிப் பெட்டியில் இரண்டு மூன்று எப்போதும் இருக்கும். விலை பழைய விலையைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். மெதுவாக விற்கிறது. சில மாதம் விற்பதே இல்லை. பாய் குறைக்கச் சொல்வதில்லை, அண்ணியும் கேட்பதில்லை. நான் கிளினிக்கில் பதிவு எழுதுவது அண்ணி கடைந்த பலாமரப் பேனா ஒன்றில்தான். அழகாக இருக்கிறதே, எங்கே வாங்கினீர்கள் என்று கேட்பவர்கள், விலையைச் சொன்னதும் பேனாவைப் பக்குவமாகத் திரும்ப வைத்துவிடுவார்கள். முன்பெல்லாம் எனக்குக் கூச்சமாக இருக்கும். இப்போது இல்லை. அண்ணி அந்த விலையை முதல் முதலாகச் சொன்ன நாளில் நான் கூட இருந்தேன்.

பேனாக்களை மாற்றிக் கொடுத்ததற்கு அடுத்து வந்த பரிசளிப்புக்கு முன், அன்றுதான் சங்கத் தலைவர் மறுபடி வந்தார். அதே சிரித்த முகம், கையில் ஒரு பை ஆரஞ்சு. போன தடவை கடைசியாகக் கொடுத்த மாதிரியே வேண்டும், ரொம்ப நல்லா இருந்தது என்று மனதாரப் பாராட்டினார். விலையும் போன தடவை போலவே வைத்துக்கொள்வோம் என்றார். அண்ணன் நாற்காலி விளிம்புக்கு வந்துவிட்டார். வேனில் ஏறும் பிள்ளைகளின் முகங்கள் அவர் கண்ணில் ஓடியிருக்கும்.

அண்ணி தேநீர்க் கோப்பையை அவர் முன்னால் நகர்த்தி வைத்தார். பிறகு ஒரு விலை சொன்னார். தரையைப் பார்க்கவில்லை, குரலும் இறங்கவில்லை.

தலைவர் சிரித்தபடியே, “என்னக்கா, நம்ம பள்ளிக்கூடம்லா,” என்றார்.

“தெரியும் தம்பி. கிட்டோட வெலை அதுல பாதிகூட இல்ல. மிச்சம் என்னோடது.”

தலைவர் கோப்பையை எடுத்தார். சங்கத்தில் கலந்து பேசிச் சொல்கிறேன் என்று தேநீரைக் குடித்து முடித்து எழுந்தார். செருப்பை மாட்டும்போது, ஆன்லைனில் பெயர் பொறித்தே மலிவாகக் கிடைக்கிறதாம் என்றார், மிரட்டலாக இல்லை, தகவலாகத்தான். அண்ணி தலையாட்டினார். கார் தெருமுனை திரும்பும் வரை அண்ணன் வாசலிலேயே நின்றார். உள்ளே வந்து கத்தப்போகிறார் என்று நான் பயந்தேன்.

“இனி கூப்பிட மாட்டாரு,” என்றார் அண்ணன்.

“மாட்டாரு,” என்றார் அண்ணி.

அவர் கூப்பிடவும் இல்லை. பிள்ளைகள் மட்டும் வேனில் வந்துகொண்டுதான் இருந்தார்கள். ஆனால் அது பிறகு தெரிந்தது. அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. அண்ணி கூடத்தில் பாயை விரித்து, மின்விசிறிக்கு நேராகத் தலையணையைப் போட்டுப் படுத்தார். பகலில் அவர் படுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. உடனே தூங்கிப்போனார், வாய் லேசாகத் திறந்தபடி. அண்ணன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு சத்தம் வராமல் கோப்பைகளை எடுத்துப் போய்க் கழுவ ஆரம்பித்தார்.