அமாவாசையில் கேட்ட தறிச் சத்தம்

அமாவாசை நெசவாளிகளுக்கு விடுமுறை. அன்று யாரும் தறியில் உட்காரமாட்டார்கள். எங்கள் பிள்ளையார்பாளையத்தில் இது எல்லோருக்கும் தெரியும். என் வீட்டுப் பின்கட்டுக்குக் குடிவந்தவனுக்கு மட்டும் தெரியவில்லை.

நெய்கிறவன் என்று சொல்லித்தான் வந்தான். தறியும் போட்டான். அந்த அமாவாசையன்று தெருவே ஓய்ந்து கிடந்தபோது, பின்கட்டில் மட்டும் தறிச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். தறியில் ஓர் இழை பட்டுகூட இல்லை. ஒருத்தன் வெறும் தறியை மிதித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் பாயைப் போட்டு எங்கள் தெரு ஆம்பளைகள் பணம் வைத்துச் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போடும் கூச்சல் வெளியே கேட்காமலிருக்கத்தான் அந்தத் தறி.

"இன்னாபா நடக்குது இங்க?"

"லீவு நாளுதானேக்கா. ஜாலியா ஆடிக்கினு இருக்காங்க. நீ போய் டிவி பாரு" என்றான் குடிவந்தவன்.

புருஷன் போன பிறகு எனக்கென்று இருப்பது இந்த வீடு ஒன்றுதான். போலீஸ் வந்தால் வீட்டுக்காரியைத்தான் முதலில் கேட்பார்கள். தெரிந்தும் சும்மா இருந்தால் நானும் கூட்டுதான்.

பூட்டுப் போடு, கரண்டைப் பிடுங்கு என்றான் என் தம்பி. அப்படிச் செய்தால் குற்றம் என் மேல் திரும்பும் என்றார் எனக்குத் தெரிந்த ஒரு வக்கீலம்மா. கண்ணால் பார்த்ததை எழுதி, நிறுத்தாவிட்டால் காலி செய்ய வேண்டும் என்று எச்சரிக்கச் சொன்னார். எழுதினேன். அவன் வாங்க மறுத்தான்.

"நான் யாரு ஆளு தெரியுமா?"

"யாரு ஆளா வேணா இரு. வூடு என்னுது."

அதில் ஒரு நகலைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். இன்னொன்றைப் பின்கட்டுக் கதவில் ஒட்டினேன். அடுத்த அமாவாசைக்குக் காலையிலேயே எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். முதலில் வந்தவன் தாளைப் படித்தான், என்னைப் பார்த்தான்.

"வாப்பா. வூட்ல சொல்லிட்டு வந்தியா, நான் போய்ச் சொல்லட்டுமா?"

"சும்மா இந்தப் பக்கமா வந்தேன்மா" என்று நழுவினான். பின்னால் வந்தவர்கள் என் தலையைக் கண்டதுமே திரும்பிவிட்டார்கள்.

ஆட ஆளில்லாத இடத்தில் அவனுக்கு என்ன வேலை? அந்த வாரமே சாமானை வண்டியில் ஏற்றினான்.

"இனிமே இந்த வூட்டுக்கு எவன் வரான்னு பாக்குறேன்கா."

"வரலன்னா பூட்டிக் கெடக்கட்டும். நீ வண்டிய எடு."

பூட்டித்தான் கிடக்கிறது. தெருவில் நாலைந்து பேர் என்னோடு பேசுவதில்லை. பேச வேண்டாம்.