பிந்தி வந்த சத்தம்

கிளேபாங் கடலோரம் தூரத்தில் ஒருவன் மணலில் கம்பு அடித்து இறக்கிக்கொண்டிருந்தான். சம்மட்டி மேலே போன பிறகுதான் 'தொக்' என்று சத்தம் வந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஒளி முந்தும், ஒலி பிந்தும் என்று பேரன் பாடத்தில் படிக்கிறான். எனக்கோ அது சின்னப் பிள்ளையில், ரப்பர் பால் புளித்த வாடையடிக்கும் எஸ்டேட் லயத்து வீட்டு வாசலில் நின்று, எதிர்மேட்டில் அப்பா கிழட்டு ரப்பர் மரங்களை வெட்டுவதைப் பார்த்துப் பார்த்து வந்த பயம். கோடாலி மரத்தில் இறங்கும்போது சத்தம் இருக்காது. அவர் மறுபடி ஓங்கும்போது வரும்.

"அம்மா, அப்பா பக்கத்துல கண்ணுக்குத் தெரியாம வேற யாரோ வெட்டுறாங்க."

"அங்க பாக்காத லா," என்பாள் அம்மா. அவளுக்கும் காரணம் தெரியாது.

நான் பார்ப்பேன். காலையெல்லாம் மரங்கள் முறிந்து விழும் ஓசை கேட்டுப் பழகியதால், அன்று அம்மா மேட்டுக்கு முதுகைக் காட்டியபடி கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரு மரம் திசைமாறிச் சாய்ந்தது. அப்பா நின்ற இடத்தில் இலைகள் மட்டுமே தெரிந்தன. சுற்றி நின்றவர்கள் வாயைத் திறந்தார்கள். அவர்களுடைய அலறல் இன்னும் எங்களிடம் வந்து சேரவில்லை.

அம்மா சிரித்துக்கொண்டே என்னிடம் குவளையை நீட்டினாள்.

"சூடு போறதுக்குள்ள அப்பாகிட்ட குடுத்துட்டு வா."