படிவத்துக்கு வைத்த திருஷ்டிப் பொட்டு

இரண்டு வருடங்களுக்கு முன், மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய ஒரு பள்ளி மைதானத்தில், முந்நூறு பிள்ளைகள் பார்க்க நான் ஓடினேன். புடவை கட்டிக்கொண்டு, தோளில் பையும் கையில் ஃபைலுமாக. அப்படி ஓட வைத்த கதையைச் சொன்னால் என் மகன் இன்றைக்கும் விழுந்து விழுந்து சிரிக்கிறான். சிரிக்கட்டும். எனக்கு அன்று வந்த புத்தி அவனுக்கு எப்போது வரப்போகிறதோ.

அப்போது நான் குழந்தைகளின் வீசிங் பற்றிய ஓர் ஆராய்ச்சியில் களப்பணியாளராக இருந்தேன். குழந்தைகளுக்கு இன்ஹேலர் கொடுத்திருப்பார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நான் போய், எத்தனை நாள் இருமல், எத்தனை இரவு தூக்கம் கெட்டது, ஓடி விளையாடினால் இளைக்கிறதா என்று அம்மாக்களிடம் கேட்டுப் படிவத்தில் எழுதிக்கொண்டு வர வேண்டும். அந்தப் படிவங்களை வைத்துத்தான் எந்த மருந்து யாருக்கு வேலை செய்கிறது என்று டாக்டர் முடிவு செய்வார்.

இதற்கு முன் ஏழு வருடம் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தவள் நான். அளவு ஒரு மயிரிழை தப்பினாலும் தூக்கி ஓரமாக வைத்துவிடுவேன். அந்தத் திமிர் படிவத்திலும் இருந்தது. அடித்தல் திருத்தல் இருக்காது, ஒரு சொட்டு டீக்கறை இருக்காது. அம்மா என்ன சொல்கிறாளோ அதுதான், ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல். 'உங்கள் படிவத்தைச் சட்டம் போட்டு மாட்டலாம்' என்று டாக்டரம்மா ஒருமுறை சொன்னதை நாலு பேரிடமாவது சொல்லியிருப்பேன்.

எனக்குக் கொடுத்த தெருவில் பதினோரு குழந்தைகள். வரிசையாக லைன் வீடுகள், எல்லா வீட்டிலும் கம்பெனிக்கு ஷிஃப்டுக்குப் போகிறவர்கள். ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினால் பாதிப் பேர் தூக்கத்தில் இருப்பார்கள். அதனால் நான் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்து வைத்திருந்தேன். காலை ஏழரைக்குத் தெருக்குழாயில் தண்ணீர் விடுவார்கள். எல்லா அம்மாக்களும் குடத்தோடு அங்கேதான் நிற்பார்கள். நான் ஸ்கூட்டியை ஓரங்கட்டி, சீட்டின் மேல் படிவத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்பேன். தண்ணீர் சத்தத்தில் கேட்க வேண்டுமே என்று சத்தமாகவே கேட்பேன். எட்டேகாலுக்கெல்லாம் வேலை முடிந்துவிடும். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொள்வேன்.

ஆனால் பதில்தான் சரியில்லை. மற்ற களப்பணியாளர்களின் தெருக்களில் குழந்தைகள் தேறிக்கொண்டிருந்தார்கள். என் தெருவில் மட்டும் பதினோரு அம்மாக்களும் ஒரே பாட்டைப் பாடினார்கள்.

"அப்பிடியேதான் கீது மேடம்."

அதிலும் மூன்றாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண் குழந்தை. அவளுடைய அம்மா பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் வேலை செய்பவள். முதலில் பார்த்தபோது அந்தக் குழந்தை நாலு எட்டு வைத்தால் உட்கார்ந்துவிடுவாள், பேசும்போதே மூச்சு வாங்கும். மூன்று மாதம் இன்ஹேலர் எடுத்த பிறகும் அம்மா அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். ராத்திரியெல்லாம் இருமுகிறாள், மாடிப்படி ஏற முடியவில்லை. நானும் அதையே எழுதிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் அவள் வீட்டுக்குள் போய் மருந்தைப் பார்த்தேன். தினமும் எடுக்க வேண்டிய இன்ஹேலர் ஒழுங்காகத் தீர்ந்துகொண்டு வந்தது. மூச்சுத் திணறினால் அவசரத்துக்கு எடுக்கச் சொல்லிக் கொடுத்த நீல இன்ஹேலர் மட்டும் பிரிக்காத உறையோடு அலமாரியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. பிள்ளை ராத்திரியெல்லாம் திணறுகிறது, இதை எடுத்துக் கொடுக்க உனக்குக் கை வரவில்லையா என்று கேட்டேவிட்டேன். அவள் அந்த உறையை எடுத்துச் சாமி படத்துக்குப் பின்னால் தள்ளி வைத்தாள். நான் படிவத்தின் அடியில் 'தாயின் கவனக்குறைவு' என்று அழகான கையெழுத்தில் எழுதினேன். பூட்டுக்குச் சாவி கண்ணெதிரே தொங்கியது, எனக்குத்தான் தெரியவில்லை.

டாக்டரம்மாவுக்குக் குழப்பம். ஆராய்ச்சி மையத்தில் பரிசோதிக்கும்போது நெஞ்சில் சத்தம் இல்லை. ஆனால் வீசிங் ராத்திரியில்தானே வாட்டும், பகலில் தெரியாமல் இருக்கலாம், கூடவே படுக்கிற அம்மா சொல்வதை ஒதுக்கிவிட முடியுமா? கடைசியில், அந்தச் சனிக்கிழமை குழந்தையை அழைத்து வரச் சொன்னார். அன்றைக்கும் இதே பதில்தான் என்றால், தினமும் வாய்வழியாக வேறு மாத்திரை தொடங்க வேண்டியிருக்கும் என்றார். அது லேசான மாத்திரை இல்லை. உடம்பை உப்ப வைக்கும், வளரும் பிள்ளைக்கு நல்லதில்லை, வேறு வழி இல்லாதவர்களுக்குத்தான் கொடுப்பார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் அளவு தப்பினால் தப்பினதுதானே என்று தேற்றிக்கொண்டேன். அந்த அம்மாவிடம், டாக்டர் பார்க்கணும், சனிக்கிழமை தயாராக இருங்கள் என்று மட்டும் சொல்லி வைத்தேன். மாத்திரை விஷயம் சொல்லவில்லை.

சனிக்கிழமை போனால் வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டில் கேட்டேன். இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு விழா, அம்மாவும் பொண்ணும் காலையிலேயே கிளம்பிப் போய்விட்டார்கள் என்றார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. அங்கே டாக்டர் காத்திருக்கிறார், இங்கே இவளுக்கு வேடிக்கை கேட்கிறதா என்று ஸ்கூட்டியை முறுக்கினேன்.

மைதானத்துக்குள் நான் நுழையவும் விசில் ஊதவும் சரியாக இருந்தது. சின்னப் பெண்களுக்கான ஓட்டப் பந்தயம், மைதானத்தை ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டும். புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்த கூட்டத்தில் முதல் ஆளாக, மடித்துக் கட்டிய ரெட்டைச் சடையோடு வந்துகொண்டிருந்தது யார் என்கிறீர்கள்? படிக்கட்டு ஏற முடியாத நம் ஆள்தான்.

நடு மைதானத்தில் குழந்தை மூச்சடைத்து விழுந்துவிட்டால்? நான் எழுதிய ஆறு படிவமும் கண் முன் வந்தன. யோசிக்கவில்லை. கோட்டைத் தாண்டி உள்ளே ஓடினேன். நில்லும்மா, ஓடாதே, நில்லு என்று ஃபைலை ஆட்டிக்கொண்டு அவள் பக்கமாக ஓடினேன். அவள் என்னைப் பார்த்து ஒரு நொடி தயங்கினாள். அந்த நொடியில் இன்னொருத்தி முந்திவிட்டாள். உடனே இவளும் வேகமெடுத்துவிட்டாள். மைக்கில் விளையாட்டு ஆசிரியர், மேடம், யாருங்க நீங்க, கோட்டை விட்டு வெளியே வாங்க என்று கெஞ்சுகிறார். பிள்ளைகள் எல்லாம் எனக்குக் கைதட்டுகிறார்கள். எட்டு வயசுக் குழந்தையைப் பிடிக்க முடியாமல், எல்லைக் கோட்டைத் தாண்டி இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். எனக்குப் பேச்சு வரவில்லை, மூச்சுதான் புஸ் புஸ் என்று வந்தது.

அவள் என் முன்னால் வந்து நின்றாள். வியர்வை வழிந்தது, முகம் சிவந்திருந்தது. ஆனால் மூச்சு சீராக இருந்தது. இருமல் இல்லை, இளைப்பு இல்லை. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னா மேடம், உங்களுக்கும் வீசிங்கா? ஊட்ல நீல பம்ப் சும்மாதான் கீது, எடுத்தாரட்டா?"

அப்புறம்தான் அவளுக்குத் தன் தோல்வி நினைவுக்கு வந்திருக்க வேண்டும். நான் குறுக்கே வராமல் இருந்தால் முதல் பரிசு எவர்சில்வர் தட்டு தனக்குத்தான் என்று உதட்டைப் பிதுக்கினாள். இரண்டாம் பரிசு பிளாஸ்டிக் டப்பாதானாம்.

அதற்குள் அவள் அம்மா வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தாள். நான் தண்ணீர் குடித்து ஆசுவாசப்படுத்திக்கொண்டு, அவளை வகுப்பறை வராந்தாவுக்கு அழைத்துப் போனேன். சத்தம் போடவில்லை. உங்கள் பதிலை நம்பி, இன்றிலிருந்து குழந்தைக்குப் பெரிய மாத்திரை கொடுக்க இருந்தார்கள் என்று விஷயத்தை அப்படியே சொன்னேன். அவள் முகம் வெளுத்துப் போயிற்று. கண்ணில் தண்ணீர் முட்டியது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, என் காதருகே வந்து, திருட்டுச் சரக்கைக் கொடுப்பதுபோல் அந்த உண்மையைச் சொன்னாள்.

"நல்லாத்தான்க்கா கீறா. ரெண்டு மாசமா ஒரு இருமல் இல்ல. ஆனா நீங்க தண்ணிக் கொயாயாண்ட, ஊரே கேக்கறாப்புல கேக்கறீங்க. பெத்தவ வாயால பொண்ணு நல்லா கீறான்னு சொன்னா கண்ணு பட்டுடாதா? போன வருசம் அப்பிடித்தான், ஒரு மாசமா நல்லா கீறான்னு அதே எடத்துல சொன்னேன். அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு ஓடுனோம்."

அதுவரை மேடம் என்றவள் அப்போதுதான் முதல்முறையாக அக்கா என்றாள்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏனென்றால் முந்தின வாரம் எங்கள் எதிர்வீட்டு அம்மா, உன் பையன் நன்றாக வளர்ந்துவிட்டானே என்றபோது, நான் என்ன சொன்னேன்? எங்கே, ஒரு வாய் சோறு ஒழுங்காகத் தின்கிறானா என்றேன். அன்று காலை அவன் ஒன்பது இட்லி தின்றிருந்தான். அதே நான்தான் ஃபைலைத் தூக்கிக்கொண்டு குழாயடியில் நின்று, எல்லார் காதும் கேட்க, உங்கள் பிள்ளை தேறிவிட்டதா என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். பதினோரு அம்மாக்களும் ஒரே பாட்டைப் பாடாமல் வேறென்ன செய்வார்கள்? பிரிக்காத அந்த நீல இன்ஹேலர் கவனக்குறைவு இல்லை. அது தேவையே படவில்லை. ஒரு நல்ல தாயைப் பற்றி நான் எழுதி வைத்ததை நினைத்து, அங்கேயே அவள் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். அவள் பதறிப் போய்விட்டாள்.

உண்மையை இப்போது எழுதலாமா என்று கேட்டேன். எழுதுங்கள், ஆனால் ஒரு நிபந்தனை என்றாள். பந்தயத்துக்காக மகளுக்குப் பொட்டு வைக்கக் கொண்டுவந்த மை டப்பாவைப் பையிலிருந்து எடுத்தாள். மோதிர விரலால் தொட்டு, நான் 'இருமல் இல்லை' என்று எழுதிய படிவத்தின் ஓரத்தில் கறுப்பாக, வட்டமாக ஒரு பொட்டு வைத்தாள். ஒரு டீக்கறை பொறுக்காத நான், காய்ந்துவிட்டதா என்று ஊதிப் பார்த்து ஃபைலில் வைத்தேன்.

காத்திருந்த டாக்டரம்மாவுக்குப் போன் செய்து, திங்கட்கிழமை நேரில் வந்து எல்லாம் சொல்கிறேன் என்றேன். அன்று மாலையே மற்ற பத்து வீடுகளுக்கும் போனேன். இந்தத் தடவை வீட்டுக்குள், கதவைச் சாத்திக்கொண்டு, மெல்லிய குரலில். இரண்டு குழந்தைகளுக்கு மட்டும் உண்மையிலேயே இருமல் விடவில்லை. மற்ற எட்டு அம்மாக்களும் குசுகுசுவென்று சொன்ன சந்தோஷங்களை எழுதி முடிக்க எனக்குக் கை வலித்தது. ஒருத்தி அழுதாள், ஒருத்தி சர்க்கரை கொடுத்தாள். எட்டுப் படிவத்திலும் பொட்டு ஏறியது.

திங்கட்கிழமை டாக்டரம்மா முன்னால் கைகட்டி நின்றேன். வேலை போய்விடும் என்றே நினைத்தேன். பொட்டுகளைப் பார்த்து, இது என்ன கறை என்றார். மைதானத்தில் ஓடியது வரை எல்லாம் சொன்னேன். மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். பிறகு நிமிர்ந்து, பழைய படிவத்தில் ஒன்றையும் அழிக்கக் கூடாது, பக்கத்தில் தேதி போட்டு, தவறு எப்படி நேர்ந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்றார். போட்டேன். என் வாழ்க்கையில் முதல் திருத்தல்கள். அதற்குப் பிறகு எந்தத் தெருவிலும் பொது இடத்தில் கேள்வி கேட்கக் கூடாது என்று விதியே வந்துவிட்டது. கிளம்பும்போது, உங்கள் பெண் பரீட்சைக்கு நன்றாகப் படிக்கிறாளா மேடம் என்று கேட்டேன். ஏதோ படிக்கிறாள் என்றவர், சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

குழந்தைக்குப் பெரிய மாத்திரை வரவில்லை. சில மாதங்களில் இருந்த மருந்தையே டாக்டர் குறைத்தார்.

அடுத்த வருடம் விளையாட்டு விழாவுக்கு என்னையும் கூப்பிட்டார்கள். கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது அந்தச் சின்னவள் போட்ட கண்டிப்பான உத்தரவு. அப்படியே உட்கார்ந்திருந்தேன். எல்லாரையும் பத்தடி பின்னால் விட்டுவிட்டு முதலாவதாக வந்தாள். எங்கள் பின்னால் இருந்த ஒரு பெண், யார் பொண்ணு இது, குதிரை மாதிரி ஓடுதே என்று வியந்தாள். என் பக்கத்தில் இருந்த, சின்னவளின் அம்மா சட்டென்று முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பினாள்.

"எங்கூட்டுப் பொண்ணுதான். இன்னாத்த ஓடறா? ராவெல்லாம் இருமிக்கினே கீறா."

"ஆமாம், பாவம், ரொம்பக் கஷ்டப்படுது" என்று நானும் சேர்ந்து பெருமூச்சு விட்டேன். நாற்காலிக்கு அடியில் அவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். எதிரே எவர்சில்வர் தட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு அந்தக் கறுப்புப் பொட்டுக் கன்னம் எங்களைப் பார்த்து ஓடி வந்தது.

இன்றைக்கும் ஒரு தாய் "அப்படியேதான் இருக்கு" என்று சொன்னால், பேனாவைத் திறப்பதற்கு முன்னால் ஒருமுறை நிமிர்ந்து குழந்தையைப் பார்த்துக்கொள்கிறேன்.