ஒலாயா நடந்தே ஜெயித்த ஆட்டம்

முட்டை கொண்டுபோய்க் கொடுத்த எங்கள் ஊர்க்காரர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. கல்யாணத்தன்று மழை வரக்கூடாது என்று கிளாரா மடத்து சிஸ்டர்களுக்கு முட்டை கொடுத்து ஜெபிக்கச் சொல்வது ஸ்பெயினில் எங்கள் கலீசியாப் பக்கம் எல்லோரும் செய்வதுதான். ஒலாயாவுக்குக் கல்யாணமும் இல்லை, ஒன்றும் இல்லை. ஜெயித்தால் எங்கள் அணி முதல் டிவிஷனுக்குப் போகிற கால்பந்து ஆட்டம்தான் அவளுக்குக் கல்யாணம் என்று ஊரே முடிவுகட்டி, கூடை கூடையாகச் சுமந்துகொண்டு போய்விட்டது. அவளை ஒரு வார்த்தை கேட்டார்களா?

நான் டோசிந்தா, எங்கள் பெண்கள் கால்பந்து அணிக்குத் துணி துவைக்கிறவள். ஒலாயா பையன்களோடு ஆடிய நாளிலிருந்தே அவள் சட்டைச் சேறு எனக்குப் பழக்கம். வயதுக்கு வந்த பெண் இனிப் பையன்களோடு ஆடக்கூடாது என்று விதியைக் காட்டி அனுப்பிவிட்டார்கள். ஊரில் பெண்களுக்கு அணியே கிடையாது. பஸ் பிடித்து நகரத்துக்குப் போய் ஆடினாள். இங்கே அணி தொடங்கியதும் திரும்பி வந்தாள். காலையில் டப்பாவில் சிப்பி அடைக்கும் வேலை, சாயங்காலம் பயிற்சி. முழங்காலில் இரண்டு ஆபரேஷன் ஆகிவிட்டது, வயதும் முப்பத்து நான்கு. ஒரே ஒரு நாளாவது முதல் டிவிஷனில் ஆடிவிட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இல்லை.

முட்டை விஷயம் காதில் விழுந்ததும் நேராக என்னிடம் வந்தாள்.

"டோசிந்தாக்கா, இந்தக் கூத்தை யாரு ஆரம்பிச்சது? எனக்கு மழைதானே வேணும். ஈரத் தரையிலதான் என் முட்டி தாங்கும். வர்றது தெற்கத்திப் பொண்ணுங்க. காஞ்ச தரையில அவளுங்களைப் பிடிக்கணும்னா மோட்டார் சைக்கிள்ல போகணும்."

மடத்துக்கு ஓடினேன். மரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த சிஸ்டரிடம், "ஊர்க்காரங்க குடுத்த முட்டையைத் திருப்பிக் குடுங்க சிஸ்டர், எங்களுக்கு வெயில் வேண்டாம்" என்றேன்.

"அதெல்லாம் அன்னைக்கே கேக் ஆயிடுச்சேம்மா. ரெண்டு வாங்கிட்டுப் போறியா?"

ஆட்டத்தன்று வானத்தில் பேருக்குக்கூட ஒரு மேகம் இல்லை. தரை கல்லாய்க் கிடந்தது. தெற்கத்திப் பெண்கள் ஒலாயாவைத் தாண்டித் தாண்டிப் போனார்கள், ஒரு கோலும் போட்டார்கள். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் அவள் சட்டென்று நின்று, முழங்காலைப் பிடித்துக் குனிந்து, பிறகு நிமிர்ந்தாள்.

"உன்னை மாத்திடவா?" என்று பயிற்சியாளர் செயோவானே கேட்டார்.

"மாத்திப் பாருங்க. உங்க வீட்டு வாசல்ல வந்து உக்காந்துக்குவேன்."

இரண்டாம் பாதியில் அவள் ஓடவே இல்லை, நடந்தாள். மீன் விற்கிற பால்டோமேரோ எழுந்து நின்று கத்தினான்: "சாமி ஊர்வலம் போறா பாருங்கப்பா. யாராவது கையில ஒரு மெழுகுவத்தி குடுங்க." எல்லோரும் சிரித்தார்கள்.

ஆனால் கொஞ்ச நேரத்தில் சிரிப்பு தானாக அடங்கியது. அவள் நடுவில் தலைநிமிர்ந்து நின்றாள். பந்து அவளைத் தேடி வந்தது. யார் எங்கே ஓடப் போகிறார்கள் என்று அவர்களுக்கே தெரிவதற்கு முன்னால் அவளுக்குத் தெரிந்தது. ஒரே உதை. பந்து எல்லார் தலைக்கும் மேலாகப் போய், முன்வரிசையில் ஆடும் எங்கள் இரியாவின் காலடியில் இறங்கியது. கோல். இன்னொரு தடவை, பாய்ந்து வந்த பெண்ணின் கால்களுக்கு நடுவே பந்தைத் தட்டி, நாலு எட்டு நடந்து போய் எடுத்து, மறுபடி இரியாவுக்கு அனுப்பினாள். அதுவும் கோல். இத்தனை வருஷம் ஆட்டம் பார்த்திருக்கிறேன், இப்படி ஒன்றை நான் கண்டதே இல்லை.

விசில் ஊதியதும் எல்லோரும் அவள்மேல் விழுந்தார்கள். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"விட்டுடாதீங்கக்கா. கால் போயிடுச்சு."

"எப்போடி?"

"அப்பவே. இடைவேளைக்கு முன்னாடியே."

உள்ளே போய்க் காலுறையைக் கழற்றினேன். முழங்கால் ரொட்டி மாதிரி உப்பியிருந்தது. இந்தக் காலோடா ஒரு பாதி முழுக்க ஆடினாள் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

தசைநார் அறுந்துவிட்டது, இனி ஆட்டம் வேண்டாம் என்றார் டாக்டர். மூன்றாவது ஆபரேஷன். அவள் ஏற்றிவிட்ட அணி முதல் டிவிஷனில் ஆடியது. அவள் ஊன்றுகோலோடு எங்களுக்கு நடுவே உட்கார்ந்து பார்த்தாள். ஊன்றுகோலைப் போட்டதும் தனியாகப் பயிற்சி செய்தாள்.

அடுத்த மே மாதம், அந்தப் போட்டி வருஷத்தின் கடைசி ஆட்டம். முடிகிற நேரத்தில் செயோவானே, அணிச் சட்டையோடு மாற்று ஆட்டக்காரர்கள் நடுவே உட்கார்ந்திருந்த அவள் பக்கம் திரும்பி, உள்ளே போ என்று கையைக் காட்டினார். கூட்டம் மொத்தமும் எழுந்தது. பால்டோமேரோ தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டான். பாவம், மெதுவாக நடந்து போகட்டும் என்று நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

ஒலாயா எல்லைக்கோட்டைத் தாண்டினாள். ஓடினாள்.