டீத்தூள் டப்பாவுக்குப் பின்னால்

தம்பி குடிநோய் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியபோது, கூடவே ஒரு பெண்ணும் எங்கள் வாழ்க்கைக்குள் வந்து சேர்ந்தாள். சிகிச்சை மையத்திலிருந்து அனுப்பிய கேஸ் மேனேஜராம். செவ்வாய்க்கிழமைதோறும் ஸ்கூட்டியில் ரெட்டியார்பாளையம் வருவாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் போலீஸ் கேஸும் கோர்ட் கேஸும்தான். முதல் நாளே எனக்கு அவளைப் பிடிக்கவில்லை.

அவள் செய்ததையெல்லாம் வெளியே சொன்னால் யாரும் அவளை நல்லவள் என்றுதான் சொல்வார்கள். டாக்டரைப் பார்க்க வேண்டிய நாளை ஞாபகப்படுத்தினாள். நோணாங்குப்பத்தில் படகு முதலாளியிடம் பேசி, தம்பியை மறுபடி வேலைக்குச் சேர்த்துவிட்டாள். தூங்குகிறானா, சாப்பிடுகிறானா என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டாள். இவளுக்கு இதில் என்ன லாபம்? ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையாக இருக்குமோ என்றுதான் எனக்குத் தோன்றியது. அவர்கள் வாசலில் பேசும்போது ஜன்னலோரம் வெங்காயம் உரித்தபடி ஒட்டுக்கேட்பேன். செவ்வாய்க்கிழமைகளில் எங்கள் வீட்டில் வெங்காயம் கொஞ்சம் அதிகமாகவே செலவாகும்.

தம்பியையும் நம்பவில்லை. மூலைக்கு மூலை ஒயின் ஷாப்பும் சாராயக்கடையும் இருக்கிற ஊரில் எதை வைத்து நம்புவது? குடித்தால் வாந்தியும் படபடப்பும் வரவழைக்கிற மாத்திரை ஒன்றை, விளக்கிச் சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். தினமும் காலையில் என் கண்ணெதிரே போட்டுக்கொள்வான். நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்வேன், காட்டுவான். பின்பக்கம் போய்த் துப்பிவிட்டால்? பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் இன்னொரு அட்டை வாங்கினேன். பொடி செய்து அவன் டீயில் கலக்கினேன். அட்டையை டீத்தூள் டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். புருஷனுக்குக் குழம்பில் கலந்துகொடுத்த எதிர்வீட்டுக்காரிதான் எனக்கு இந்த யோசனையைச் சொன்னாள்.

இரண்டு வாரத்தில் அவன் நடை மாறியது. பகலிலேயே கண் சொருகியது. சோறு இறங்கவில்லை.

"வாய்ல இரும்ப வச்ச மாதிரியே இருக்குக்கா," என்றான்.

திரும்பவும் குடிக்க ஆரம்பித்துவிட்டான் என்று முடிவுகட்டினேன். சட்டையை முகர்ந்தேன். வாயை ஊதச் சொன்னேன். வாசனை இல்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். வாசனை வராத சரக்காக இருக்கும் என்று நினைத்து, டீயில் அரை மாத்திரை கூட்டினேன்.

படகிலிருந்து இறங்கும்போது அவன் தடுமாறி விழப்போனதை முதலாளி அவளுக்குப் போனில் சொல்லியிருக்கிறார். அடுத்த செவ்வாய்க்கிழமை ஊதிப் பார்க்கிற கருவியோடு வந்தாள். தம்பி ஊதினான். பூஜ்யம். மறுபடியும் ஊதினான். அப்போதும் பூஜ்யம்தான். அவள் கொஞ்ச நேரம் அவனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"தண்ணி குடுங்கக்கா," என்று என் பின்னாலேயே அடுப்படிக்கு வந்தாள். வேவு பார்க்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். அவளைப் பற்றி நான் நினைத்ததில் அது ஒன்றுதான் சரி.

"டீ நீங்கதான போடுறீங்க?"

"பின்ன யாரு போடுவா?"

"அதுல எதுனா கலக்குறீங்களாக்கா?"

அவள் குரல் உயரவேயில்லை. இதற்கு முன்பும் பல அடுப்படிகளில் இதே கேள்வியைக் கேட்டிருப்பாள் போல. என் கை தானாக டப்பாவுக்குப் பின்னால் போனது. அட்டையை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள்.

"இவ்ளோ மாத்திரை உடம்புல இருக்கறப்ப அவரு ஒரு வாய் குடிச்சிருந்தா உயிரே போயிருக்கும்க்கா. இப்பவே டாக்டர்கிட்ட போறோம். அவருகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

நானே சொன்னேன். அவன் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"நான் டெய்லி ஒழுங்கா போட்டேனேக்கா," என்றான். செருப்பை மாட்டிக்கொண்டு அவளோடு கிளம்பினான்.

இப்போது தேறிவிட்டான். படகு ஓட்டுகிறான். குடிப்பதில்லை. அவள் மாதம் ஒரு முறைதான் வருகிறாள். என்னிடமும் தூக்கம் வருகிறதா என்று கேட்டு எழுதிக்கொள்கிறாள். மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

காலையில் தம்பிக்கு நான்தான் டீ போட்டுக் கொடுக்கிறேன். வாங்கிக்கொள்வான். டம்ளரை மூக்கருகே கொண்டுபோய் ஒரு முறை முகர்ந்துவிட்டுத்தான் குடிப்பான். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.