சாய்ந்து நின்ற சுத்தி

கலியபெருமாளுக்குத் தலைக்கு மேல் கல் இருந்தால் பயம். தட்டாஞ்சாவடிச் சோதனைக்கூடத்தில் கல் துண்டுகளை அழுத்தி உடைக்கும் இயந்திரம் அவர் பொறுப்பு. கடைசி நொடிவரை துண்டு அசையாமல் இருக்கும். பிறகு வெடி போட்டாற்போலச் சிதறும். தினமும் அதைப் பார்த்தவர், கோயில் மண்டபத்தில் மழைக்குக்கூட ஒதுங்கமாட்டார்.

"சாமியையே நம்பமாட்டீங்களா?" என்பாள் மனைவி அஞ்சலாட்சி.

"சாமிய நம்புறேன். மேல கெடக்குற கல்லத்தான் நம்பல."

2006 கோடையில் உப்பளம் என்ற பகுதியில் ஒரு பழைய மாடிவீட்டுக்கு அவரை அனுப்பினார்கள். தெருப்பக்கம் நீண்டிருந்த பால்கனியைச் சுவரிலிருந்து துருத்திய ஆறு கல் தாங்கிகள் சுமந்தன. அடியில் சின்னப்பாப்பாவின் இட்லிக்கடை. வீட்டுக்காரர் அர்மான், பிரெஞ்சு அரசின் பென்ஷன் வாங்குபவர், மேல்தளத்தில் விரிசலைப் பார்த்திருந்தார். தாங்கிகள் மோசமென்றால் பால்கனியை இடிப்பார், கடையும் போகும்.

கல்லை உடைக்காமல் சோதிக்க ஒரு சுத்தி உண்டு. முனையைக் கல்லில் வைத்து அழுத்தினால் உள்ளே ஸ்பிரிங் விடுபட்டு இரும்புக்கட்டை மோதி எகிறும். எவ்வளவு கெட்டிக் கல்லோ, அவ்வளவு பெரிய எண்ணைக் காட்டும்.

கலியபெருமாள் ஏணியைத் தாங்கிக்கு நேராகப் போடாமல் வெளியே தள்ளிப் போட்டார். கையை மட்டும் நீட்டித் தட்டினார். எண் குறைவு. அடுத்ததிலும் குறைவு. மூன்றாவதும் அப்படியே.

"முடிஞ்சுது. இடிச்சிர வேண்டியதுதான்" என்றார் அர்மான்.

மாவு ஊற்றிக்கொண்டிருந்த சின்னப்பாப்பா நிமிர்ந்து பார்த்தாள். "ஏன் தம்பி, பாம்ப அடிக்கிறாப்புல எட்ட நின்னுக்கினு தட்டுற? கல்லு கடிச்சிருமா?"

கலியபெருமாள் தன் கையைப் பார்த்தார். சுத்தி சாய்ந்திருந்தது. கல்லுக்குச் செங்குத்தாக நிற்காத சுத்தி சரியாக எகிறாது. இதுவரை வந்ததெல்லாம் கல்லின் எண் அல்ல, தன் பயத்தின் எண். வாயைத் திறக்காமல் இதையே எழுதிக் கொடுத்துவிட்டால் உயிரோடு வீடு போகலாம். அவளுடைய அடுப்புதான் தெருவுக்கு வரும்.

"அக்கா, அடுப்ப அணைச்சிட்டு ரோட்டுக்கு அந்தாண்ட போ."

"கல்லு வுழுமா?"

"தெரியாது. அதுக்குத்தான் தட்டணும்."

"அப்ப நீ?"

அவர் ஏணியை முதல் தாங்கியின் நேர் கீழே நகர்த்தினார். ஏறி உச்சிப்படியில் நின்றார். கல்லின் அடிப்புறம் நெற்றியை உரசும் தூரத்தில் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார். 'டங்'. எண் நன்றாக எகிறியிருந்தது. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது தாங்கி, எல்லாம் கெட்டி. ஒவ்வொரு தட்டுக்கும் சட்டை முதுகில் ஒட்டியது.

ஆறாவதில் 'டொக்' என்றது, எண்ணும் இறங்கியது. சுத்தி நேராகத்தான் நின்றது. இடம் மாற்றித் தட்டினார். மறுபடி 'டொக்'. அப்போதுதான் கண்ணில் பட்டது: மயிரிழைபோல ஒரு கோடு, சுவருக்குள் போய்க்கொண்டிருந்தது.

"முசியே, இன்னா ஆச்சி?" என்று அர்மான் பிரெஞ்சு மரியாதையில் கூப்பிட்டார்.

கலியபெருமாள் மூச்சுவிட்டாலும் கல் கேட்டுவிடும் என்பதுபோல ஒவ்வொரு படியாக இறங்கினார்.

அன்று மாலையே ஆறாவது தாங்கிக்கு இரும்புத் தூண் முட்டுக் கொடுத்தார்கள். அதை மட்டும் மாற்றினால் போதுமென்றானது. இட்லிக்கடை, முதலாவது தாங்கியின் பக்கம் நகர்ந்தது.

மறுநாள் சின்னப்பாப்பா தட்டில் இட்லி வைத்து நீட்டினாள். "நீயே சோதிச்ச கல்லு. உள்ள குந்திச் சாப்டு, தம்பி."

கலியபெருமாள் தட்டை வாங்கிக்கொண்டு ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்றார். சாப்பிட்டு முடிக்கும்வரை ஆறாவது கல்லிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.