முழு மதிப்பெண் கொடுத்த விடை

பிளஸ் ஒன் மாணவர்களுக்குப் பொருளியல் நடத்துகிறேன். மறைமுக வேலையின்மை என்றால், ஓர் ஆள் விலகினாலும் உற்பத்தி குறையாத நிலை. அதற்கு வீட்டிலிருந்தே உதாரணம் எழுதச் சொன்னேன்.

“எங்கள் டிபன் கடையில் நான்கு பேர். நான் இல்லாவிட்டாலும் ஓர் இட்லிகூடக் குறையாது” என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். பெரிய டிக் அடித்து முழு மதிப்பெண் கொடுத்தேன்.

மறுநாள் காலை பள்ளிக்குப் போக ஒரகடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால், நிறுத்தத்தை ஒட்டிய அவர்கள் கடையில் ஒரே கூச்சல். ஷிப்டுக்குப் போகிறவர்கள் பார்சல் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் அம்மா என்னைப் பார்த்துத் திகைத்தார்.

“இன்னா மிஸ், ஸ்பெஷல் கிளாஸ்னு நீங்க சீக்கிரம் வரச் சொன்னீங்கன்னு அப்பவே கெளம்பிட்டாளே?”

நான் யாரையும் வரச் சொல்லவில்லை. அந்த விடை நினைவுக்கு வந்தது.

ஊரை விட்டுப் போகிற வண்டிகளெல்லாம் நிற்கும் கூட்டு ரோட்டுக்கு ஓடினேன். வெளியூர் கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேனின் படியில் நின்றாள். கையில், பதினெட்டு வயது ஆனதாகக் காட்ட அக்காவின் ஆதார் கார்டு. அவள் பையைப் பிடித்து இழுத்தேன்.

“நான் இல்லன்னா ஒண்ணும் குறையாதுன்னு நீங்களே டிக் போட்டீங்களே, மிஸ்?”

“தப்பா போட்டுட்டேன்டி. உங்க கடைய வந்து பாரு. பார்சல் கட்ட ஆளில்லாம பாதிப் பேரு சாப்பிடாமலே கம்பெனி பஸ் ஏறிட்டாங்க.”

வேன் ஹாரன் அடித்தது. அவள் இறங்கினாள்.

அந்தப் பாடத்தை இன்றும் நடத்துகிறேன். டிக் அடிப்பதற்கு முன் மட்டும், எழுதியிருப்பது விடைதானா, எனக்கு எழுதிய கடிதமா என்று இன்னொரு தடவை படித்துவிடுகிறேன்.